மாஸ்டொடானுக்கு வந்தவர்கள் ஏன் தங்கவில்லை? புளூஸ்கைக்கு மாறினால் நிலைமை மாறுமா?

கேள்வி: கயல்விழி

அனைவருக்கும் வணக்கம். 2022 நவம்பரில், ட்விட்டர் எலான் மஸ்க்கின் கைக்குப் போன சில நாட்களில், எங்கள் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த நாற்பது பேரை மாஸ்டொடானுக்கு அழைத்து வந்தவள் நான். ட்விட்டர் போலக் குறும்பதிவுகள் எழுதும் தளம் அது; ஆனால் ஒரே நிறுவனத்திடம் இல்லாமல், வெவ்வேறு ஆட்கள் நடத்தும் பல சேவையகங்கள் (கணக்குகளைத் தாங்கும் கணினிகள்) இணைந்து இயங்குவது. எந்தச் சேவையகத்தில் கணக்குத் தொடங்குவது, ஒருவருடைய முகவரியில் ஏன் இரண்டு ‘அட்’ குறிகள் இருக்கின்றன என்பவற்றை ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் விளக்கினேன். முதல் இரண்டு வாரம் திருவிழாபோல் இருந்தது. பொங்கலுக்குள் பாதிப் பேர் சொல்லாமலே போய்விட்டார்கள். இன்று வாரம் ஒருமுறையாவது எழுதுபவர்கள் ஆறு பேர்.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதைக் கண்டித்து 2019 நவம்பரில் இந்தியாவிலிருந்து ஏராளமானோர் மாஸ்டொடானில் சேர்ந்தார்கள். அவர்களிலும் பலர் திரும்பிப் போனார்கள். ஆட்கள் தங்காமல் போவது இந்த அமைப்பின் இயல்பா, அல்லது நான் அழைத்து வந்த முறையில் பிழையா? வட்டத்தில் சிலர் இப்போது புளூஸ்கை என்ற இன்னொரு குறும்பதிவுத் தளத்துக்குப் போகலாம் என்கிறார்கள். மறுபடியும் நாற்பது பேரை அலைக்கழிக்கும் முன் அனுபவப்பட்டவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

மறுமொழி: ஆராவமுதன்

கயல்விழி அவர்களுக்கு வணக்கம். முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். மாஸ்டொடானைத் தொடங்கிய யூஜென் ரோச்கோ வெளியிட்ட கணக்கின்படி, 2022 அக்டோபரில் ஏறத்தாழ 3 லட்சமாக இருந்த மாதாந்திரப் பயனர் எண்ணிக்கை நவம்பரில் 25 லட்சத்தைத் தொட்டது. 2023 சனவரித் தொடக்கத்தில் அது 18 லட்சம் அளவுக்கு இறங்கி, பின்னும் குறைந்தது. உங்கள் வட்டத்தில் நடந்தது உலகம் முழுவதும் நடந்ததுதான். ஆனாலும் அலை வடிந்தபின் எஞ்சியவர்கள், அலைக்கு முன் இருந்தவர்களைப் போலப் பல மடங்கு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கோபம் ஒருவரைக் கணக்குத் தொடங்க வைக்கும். மறுநாள் காலையில் அதைத் திறந்து பார்க்க வைக்காது. உங்கள் வட்டத்து உறுப்பினர் ஒருவரின் முதல் மாலை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். டைம்லைனைத் திறக்கிறார், அவர் யாரையும் பின்தொடரவில்லை என்பதால் அது வெறுமையாக இருக்கிறது, அதை நிரப்பித் தரும் அல்காரிதமும் இல்லை. தாம் விரும்பிப் படிக்கும் ஓர் எழுத்தாளரைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். அந்த எழுத்தாளர் வேறொரு சேவையகத்தில் ஐந்தாண்டுகளாக எழுதி வருபவராகவே இருக்கட்டும். உறுப்பினரின் சிறிய சேவையகத்திலிருந்து இதற்கு முன் யாரும் அவரைப் பின்தொடர்ந்திராவிட்டால், பழைய பதிவுகள் எதுவும் அங்கு வந்து சேர்ந்திருக்காது, பக்கம் காலியாகத் தெரியும். இவர் எழுதுவதை நிறுத்திவிட்டார் போலும் என்று எண்ணிச் செயலியை மூடிவிடுகிறார். மறுமொழிகளுக்கும் அன்று இதே கதிதான்: ஒரே உரையாடலை இரண்டு சேவையகங்களிலிருந்து பார்த்தவர்கள் இரண்டு வேறு உரையாடல்களைப் பார்த்தார்கள்.

ஒப்புநோக்க, 2023 சூலையில் இன்ஸ்டாகிராமின் நிறுவனம் வெளியிட்ட திரெட்ஸ் என்ற குறும்பதிவுத் தளம் ஐந்தே நாட்களில் 10 கோடிக் கணக்குகளைப் பெற்றது. இன்ஸ்டாகிராமில் யாரைப் பின்தொடர்ந்தீர்களோ அவர்களை அப்படியே ஒரு தட்டலில் அது எடுத்துக் கொடுத்தது. உங்கள் நாற்பது பேருக்கு அப்படி எவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அதிலும் 2022 டிசம்பரில் சில நாட்கள், மாஸ்டொடான் இணைப்புகளைப் பகிர்வதையே ட்விட்டர் தடுத்தது. ஆகவே பிழை உங்களுடையது என்று நான் கருதவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: கணக்குத் தொடங்க உதவிய நீங்கள், யாரை வாசிப்பது என்பதற்கும் உதவினீர்களா?

மறுமொழி: சேவையகக்காரன்

மூன்று ஆண்டுகளாக ஒரு சிறிய மாஸ்டொடான் சேவையகத்தை நடத்துபவன் என்ற முறையில், பேசப்படாத ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். பயனர் போவதற்கு முன்பே சில இடங்களில் வீடே போய்விடுகிறது. நான் முதலில் கணக்கு வைத்திருந்த சேவையகம், அதை நடத்தியவர் வாடகைப் பணத்தையும் வசவுப் புகார்களையும் தனியொருவராகச் சமாளிக்க முடியாமல் ஓய்ந்ததால் மூடப்பட்டது. அறிவிப்பு முன்கூட்டியே வந்ததால் பின்தொடர்பவர்களை வேறு கணக்குக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. எழுதிய பதிவுகளை மாற்ற முடியவில்லை, ஏனெனில் மாஸ்டொடானின் இடமாற்ற வசதி பின்தொடர்பவர்களைத்தான் கொண்டுசெல்லும். என்னுடன் இருந்தவர்களில் பலர் அன்றோடு எழுதுவதை விட்டார்கள். இரண்டு ஆண்டு எழுத்து போனபின் மறுபடி தொடங்கு என்று யாரிடம் சொல்வது?

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு தடை இருக்கிறது. 2023 செப்டம்பரில் வந்த 4.2 பதிப்பிலிருந்து பதிவுகளுக்குள் சொல் தேடும் வசதி உண்டு. ஆனால் அதற்கு எலாஸ்டிக்சர்ச் என்னும் மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டும். நினைவகம் மிகுதியாகத் தேவைப்படுவதால் என்னைப் போன்ற சிறிய சேவையகக்காரர்கள் பலர் அதை நிறுவுவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ‘சிறுகதை’ என்று தேடினால் ஹேஷ்டேக் இட்ட பதிவுகள் மட்டுமே கிடைக்கும், தமிழர்களுக்கோ ஹேஷ்டேக் இடும் பழக்கம் குறைவு. பக்கத்துச் சேவையகத்தில் நல்ல கதையொன்று இருந்தும் உங்கள் வட்டத்தார் அதைப் பார்க்காமலே போயிருப்பார்கள்.

மறுமொழி: முல்லை

நான் இரண்டிலும் எழுதுகிறேன். கயல்விழி அக்கா, புளூஸ்கை முதல் நாளை நன்றாகவே கையாள்கிறது. 2024 சூனில் அறிமுகமான ‘ஸ்டார்ட்டர் பேக்’ மூலம் ஒருவர் தொகுத்த பட்டியலை மற்றவர் ஒரே தட்டலில் பின்தொடரலாம். தமிழ்ச் சிறுகதைக்கென்று ஒருவர் தனி ஓடை (ஒரு தலைப்பிலான பதிவுகளைத் திரட்டித் தரும் வரிசை) அமைத்தால் எவரும் அதைத் தம் பக்கத்தில் பொருத்திக்கொள்ளலாம். 2024 ஆகஸ்ட் இறுதியில் பிரேசில் உச்ச நீதிமன்றம் எக்ஸ் (முன்னாள் ட்விட்டர்) தளத்துக்குத் தடை விதித்தபோதும், நவம்பரில் அமெரிக்கத் தேர்தலுக்குப் பின்னரும் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். அந்த நவம்பரிலேயே கணக்குகள் 2 கோடியைத் தாண்டின. எழுத்து எண்ணிக்கையில் ஒரு சிறு வசதி, எனக்கு மிகவும் பிடித்தது: அங்குள்ள 300 எழுத்து வரம்பில் ‘கு’ ஓர் எழுத்தாகவே எண்ணப்படுகிறது. ட்விட்டரில் அது இரண்டு.

ஆனால் அங்கும் அலை வடிந்தது. நாள்தோறும் எழுதுவோரும் விருப்பக்குறி இடுவோரும் அந்த நவம்பர் உச்சத்திலிருந்து பின்னர் கணிசமாகக் குறைந்தார்கள். ஒரே நிறுவனத்தின் பிடியில் இல்லாத பரவலாக்கம் என்று சொல்லப்பட்டாலும் பெரும்பாலான கணக்குகள் ஒரே நிறுவனத்தின் சேவையகங்களில்தான் இருக்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. ஆகவே ‘அங்கே போனால் நிலைத்துவிடுவார்கள்’ என்று யாருக்கும் உறுதி தராதீர்கள்.

மாஸ்டொடானில் எஞ்சியிருக்கும் அந்த ஆறு பேரை இடம்பெயர்க்கவும் வேண்டாம். ‘பிரிட்ஜி ஃபெட்’ என்ற பாலம் இருக்கிறது. மாஸ்டொடானிலிருந்து அதன் கணக்கைப் பின்தொடர்ந்தால் உங்கள் பொதுப் பதிவுகள் புளூஸ்கையிலும் தோன்றும். எழுதும் இடத்தில் எழுதிக்கொண்டே மற்ற இடத்திலும் வாசகரைப் பெறலாம்.

மறுமொழி: கயல்விழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆராவமுதன் ஐயா கேட்ட கேள்விக்கு விடை, இல்லை என்பதே. நாற்பது பேருக்கும் வழி சொன்னேனே தவிர, யாரை வாசிக்கலாம் என்று ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை. இன்னொன்றும் இப்போது புரிகிறது: அந்த நாற்பது பேர் ஏழு சேவையகங்களில் சிதறியிருந்தார்கள், சுதந்திரம் என்று நானே அதை ஊக்குவித்தேன். எங்களில் ஒருவர் எழுதியது இன்னொருவர் கண்ணில் படாமல் போனதற்கு அதுவும் காரணமா?

மறுமொழி: ஆராவமுதன்

ஒருவரையொருவர் பின்தொடர்ந்திருந்தால் எத்தனை சேவையகமானாலும் பதிவுகள் வந்து சேர்ந்திருக்கும். பின்தொடராத நிலையில்தான் ஒரே சேவையகம் உதவுகிறது, ஏனெனில் அங்குள்ள அனைவரின் பொதுப் பதிவுகளும் உள்ளூர் டைம்லைனில் தானாகத் தெரியும். சேர வழிகாட்டிய நாளிலேயே நாற்பது பேரும் மற்ற முப்பத்தொன்பது பேரைப் பின்தொடரச் செய்திருந்தால் முதல் மாலை காலியாக இருந்திருக்காது. இப்போதும் செய்யலாம்: உங்கள் கணக்கின் அமைப்புகளில் ‘தரவு ஏற்றுமதி’ என்ற பகுதியில், நீங்கள் பின்தொடர்பவர்களின் பட்டியலைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அதில் நல்ல எழுத்தாளர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை நீக்கி, போனவர்களில் ஐந்து பேருக்கு மட்டும் அனுப்புங்கள். அவர்கள் அதைத் தங்கள் கணக்கில் அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். மறுவாரம் அந்த ஐவரும் வந்தார்களா என்று இங்கே எழுதுங்கள்.