கொடை மேடையில் மட்டும் கிட்டார் முனகுகிறது, வீட்டில் சத்தமே இல்லை. உதவுங்கள்

ஆறுகம்பி:
எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு இன்னிசைக் குழுவில் ஒன்றரை வருஷமாக லீட் கிட்டார் வாசிக்கிறேன். கோயில் கொடை, கல்யாண ரிசப்ஷன், எது வந்தாலும் போவோம். ரெண்டு பிரச்சினை. ரெண்டும் மேடையில் மட்டும்தான்.

ஒன்று, ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு முனகல். பாட்டு ஓடும்போது தெரியாது. அறிவிப்பாளர் பேச ஆரம்பித்தால் பந்தல் முழுக்கக் கேட்கும். போன வாரம் கமிட்டிக்காரர் ஒருத்தர் மேடைக்கே ஏறி வந்து, “தம்பி, உள்ளே பிடிச்சு வச்சிருக்க வண்டை முதல்ல வெளியே விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரெண்டு, வீட்டில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்து செதுக்கிய டோன், மேடையில் பானைக்குள்ளே இருந்து வாசிப்பதுபோல் அமுங்கிப் போகிறது. கீபோர்டும் ரிதம் பேடும் சேர்ந்துவிட்டால் நான் இருக்கிற இடமே தெரியாது.

என்னிடம் இருப்பது: ஸ்ட்ராட் வகைக் கிட்டார், கம்பி அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் மூன்றும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்). ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடல். அதிலிருந்து 20 வாட் காம்போ ஆம்ப். ஆம்பின் லைன் அவுட்டிலிருந்து மல்டிகோர் கேபிள் (பல லைன் ஒரே உறைக்குள்) வழியாக மிக்சர். மேடை ஜெனரேட்டரில் ஓடும். கேபிள் மூன்று மாற்றிப் பார்த்துவிட்டேன், பயனில்லை. பிக்கப்பை ஹம்பக்கராக (முனகலைக் குறைக்கிற இரட்டைச் சுருள் வகை) மாற்றலாமா? அதற்குக் காசு சேர்த்து வைத்திருக்கிறேன்.

ரீவெர்ப் ராசா:
ப்ரோ சிம்பிள். ஆம்ப் பிளக்கில் மேலே தடியா இருக்கிற எர்த் பின்னைக் கழட்டி விட்டுடுங்க. ரெண்டு நிமிஷ வேலை, முனகல் காலி. நான் மூணு வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலை.

மேடைக்காது:
ஆறுகம்பி, மேலே சொன்னதை மட்டும் செஞ்சுடாதீங்க. முனகல் நிற்கும், அது உண்மை. ஆனா உங்க கிட்டார் கம்பி பிரிட்ஜ் (கம்பியைத் தாங்குற உலோகத் துண்டு) வழியா, கேபிளோட வெளிவலை வழியா, ஆம்ப் சேசிஸோட, அதாவது உலோக உடம்போட, சேர்ந்திருக்கு. ஆம்புக்குள்ளே லைவ் ஒயர் எங்கேயாவது உரசினா எர்த் வழியா மின்சாரம் பாய்ஞ்சு ஃபியூஸ் போகணும். அந்தப் பின் இல்லைன்னா ஃபியூஸ் போகாது, 230 வோல்ட் கம்பியிலேயே காத்துக்கிட்டு இருக்கும். நீங்க கோரஸ் பாட மைக்கில் உதட்டை வைக்கிற வரைக்கும்.

1972 மே மாசம் வேல்ஸில் ஸ்வான்சீ நகரத்து மேடையில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி செத்தது இந்த வகையில்தான். சரியா எர்த் ஆகாத மைக்கைத் தொட்டார். ‘மூணு வருஷமா ஒண்ணும் ஆகலை’ என்பது ஆகிற நாள் வரைக்கும் எல்லாரும் சொல்றதுதான்.

பிக்கப் காசை அப்படியே வைங்க. மூணு விஷயம் பாத்துட்டு வாங்க. கிட்டார் வால்யூமைச் சுத்தமா மூடினா முனகல் நிக்குதா? மிக்சர்காரரிடம் உங்க சேனலை மூடச் சொல்லிட்டு (மூடாம பிடுங்கினா ஸ்பீக்கர் ‘டொம்’முனு அடிக்கும், அப்புறம் அவர் உங்களை அடிப்பார்) ஆம்பிலிருந்து போற லைன் கேபிளைக் கழட்டுங்க. ஆம்பில் மட்டும் கேட்டா முனகுதா? முக்கியமா, மிக்சருக்குக் கரண்ட் எங்கேயிருந்து வருது?

கல்யாண கீபோர்டு:
நான் கீபோர்டு வாசிக்கிறவன். கிட்டாரிஸ்ட் இருக்கிற இடம் தெரியலைன்னா அது பிரச்சினையா? 😄 சும்மா சொன்னேன். ஆனா ஒண்ணு, எங்க ஆளுக்கும் இதே கதைதான். பின்தொடர்கிறேன்.

ஆறுகம்பி:
நேற்று வள்ளியூர்ப் பக்கம் ஒரு கச்சேரி. பார்த்துவிட்டேன் அண்ணே.

வால்யூமை மூடினாலும் முனகல் இருக்கிறது. ஆனால் அதோடு சேர்ந்து ‘ஸ்ர்ர்’ என்று இன்னொரு கரகரப்பு இருந்தது, அது மட்டும் நின்றுபோனது. இத்தனை நாளாக ரெண்டையும் ஒரே சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

லைன் கேபிளைக் கழற்றிவிட்டு ஆம்பை மட்டும் கேட்டால் முனகல் இல்லை.

மிக்சர் ஜெனரேட்டரில் இல்லை. பந்தலின் அந்தக் கடைசியில், மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே கோயில் இ.பி. லைனில் ஒரு பெட்டி உண்டு, அதில் சொருகிவிடுகிறார்கள். அவ்வளவு நீள ஒயர் இழுக்க யாருக்கும் பொறுமையில்லை.

சால்டர் வாசம்:
அப்போ வியாதி தெரிஞ்சாச்சு. உங்க ஆம்புக்கு எர்த் ஜெனரேட்டர் பக்கத்தில். மிக்சருக்கு எர்த் கோயில் பெட்டியில். ரெண்டும் ஒரே மண்ணில்தான் இருக்கு, ஆனா ஒரே வோல்ட்டில் இருக்கணும்னு கட்டாயமில்லை. இந்த ரெண்டு எர்த்தையும் இணைக்கிற ஒயரா இப்போ வேலை பார்க்கிறது உங்க லைன் கேபிளோட வெளிவலை. அதில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடுது, மிக்சர் அதையும் பாட்டுன்னு நினைச்சுப் பெருக்கித் தருது. கிரவுண்டு லூப் என்பது இதுதான். ஹம்பக்கர் வாங்கி மாட்டியிருந்தா காசு போயிருக்கும், வண்டு அப்படியே இருந்திருக்கும்.

அடுத்த கச்சேரியில் ஒரு மல்டிமீட்டர் எடுத்துட்டுப் போங்க. ஏ.சி. வோல்ட்டில், பெரிய ரேஞ்சில் வைங்க. லைன் கேபிளைக் கழட்டிட்டு, ஒரு முனை கிட்டார் பிரிட்ஜில், இன்னொரு முனை மைக் வலையில். விரல் பிளாஸ்டிக்கில் மட்டும் இருக்கணும், கால்ல செருப்பு இருக்கணும். ஒரு வோல்ட்டுக்குள்ளே இருந்தா நிம்மதி. அதுக்கு மேலே போனா அந்த மைக் பக்கம் யாரும் போகாம பாத்துக்கிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

டி.ஐ. பாக்ஸில், அதாவது கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்துற சின்னப் பெட்டியில், ‘கிரவுண்டு லிஃப்ட்’ ஸ்விட்ச் இருக்குமே, அதைத் தட்டினா போதும்னு யாராவது சொல்வாங்க. அது எர்த் பின்னைக் கழட்டுற மாதிரி இல்லை, ஆம்போட எர்த்தை அது தொடாது, சிக்னல் கேபிளோட வலையை மட்டும் பிரிக்கும். முனகலும் போகலாம். ஆனா ரெண்டு எர்த்துக்கும் நடுவே இருக்கிற வோல்ட் எங்கேயும் போகாது. உங்க கைக்கும் உதட்டுக்கும் நடுவே அப்படியே நிக்கும். முதல்ல அளந்துட்டு அப்புறம் ஸ்விட்ச்.

பழைய வால்வு:
மின்சாரத்தை இவங்க பாத்துக்குவாங்க. பானைக்குள்ளே வாசிக்கிற கதைக்கு நான் வாரேன். தம்பி, பெடலில் கேப் சிம், அதாவது ஸ்பீக்கர் பெட்டி மாதிரி ஒலிக்கவைக்கிற அமைப்பு, ஆன்லதானே இருக்கு?

ஆறுகம்பி:
ஆமாம் சார். அது இல்லாவிட்டால் ஹெட்போனில் கொசு மாதிரி இருக்கும்.

பழைய வால்வு:
ஹெட்போனுக்கும் நேரே மிக்சருக்கும் அது வேணும். ஆனா கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கர் பொதுவா 5,000 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே மேல் சத்தத்தை வெட்டிடும், அது அதோட பிறவிக்குணம். கேப் சிம் செய்றதும் அதே வெட்டுதான். பெடலில் ஒருதரம் வெட்டி, ஆம்போட ப்ரீஆம்பில் (சிக்னலை முதல்ல பெருக்குற பகுதியில்) இன்னொரு தரம் நிறம் மாத்தி, கடைசியா ஸ்பீக்கரில் மறுபடியும் வெட்டினா என்ன மிஞ்சும்? வடிச்ச கஞ்சியைத் திரும்ப வடிச்ச மாதிரி.

அதனால ஒரு வழியைப் பிடிங்க. ஆம்புக்குள்ளே போறதா இருந்தா கேப் சிம் ஆஃப். பெடலிலிருந்து டி.ஐ. பாக்ஸ் வழியா நேரே மிக்சருக்குப் போறதா இருந்தா கேப் சிம் ஆன், ஆம்ப் வீட்டில். உங்க நிலைமைக்கு நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன். நான் ஆம்ப் பைத்தியம், இதைச் சொல்ல எனக்கே கசக்குது. முப்பது கிலோ வால்வு ஆம்பைக் கல்யாண மண்டப மாடிப்படியில் தூக்கி இடுப்பு போனவன் நான். அங்கே போய்ப் பார்த்தா வால்யூம் ரெண்டுக்கு மேலே வைக்க விடமாட்டாங்க.

இன்னொண்ணு, டோனை ராத்திரி மெதுவான சத்தத்தில் செதுக்குறீங்க இல்லையா? காது மெதுவான சத்தத்தில் பேஸையும் மேல் சத்தத்தையும் குறைச்சுத்தான் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ரெண்டு பேர் 1933லேயே இதை அளந்து வரைஞ்சு வச்சுட்டாங்க. அதனால வீட்டில் பேஸையும் ட்ரெபிளையும் ஏத்தி நடுவைக் குழியாக்குவோம், இனிமையா இருக்கும். அதே டோன் பந்தலில் பெருஞ்சத்தத்தில் அடிவயித்தில் இடிக்கும், காதில் குத்தும், ஆனா கிட்டார் மட்டும் கேட்காது. கிட்டாரோட குரல் நடுவில்தான் இருக்கு. அதைத்தானே நீங்க தோண்டி எடுத்துட்டீங்க.

100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிடுங்க, அந்த இடம் பேஸ்காரருக்கும் கீபோர்டு இடதுகைக்கும் சொந்தம். 800லிருந்து 1,500 வரைக்கும் கொஞ்சம் ஏத்துங்க. தனியாக் கேட்டா மூக்கால பாடுற மாதிரி அசிங்கமா இருக்கும், இருக்கட்டும். டிஸ்டார்ஷன் கெயினைப் பாதியாக்குங்க. ரீவெர்ப் ஏறக்குறைய வேண்டாம், தகரப் பந்தலும் எதிர்ச் சுவரும் இலவசமாத் தரும். சோலோவுக்கு அதே பேட்சை (பெடலில் சேமிச்ச டோன் அமைப்பை) பிரதி எடுத்து நாலு டெசிபல் கூட்டித் தனியா வச்சுக்கோங்க. பாட்டு நடுவே குனிஞ்சு குமிழ் திருப்புற கிட்டாரிஸ்டைப் பார்த்தா எனக்கு ஆகாது.

ரீவெர்ப் ராசா:
ரீவெர்ப் வேண்டாமா?! 💔

ஆறுகம்பி:
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எழுத நிறைய இருக்கிறது.

சனிக்கிழமை கொடைக்கு மல்டிமீட்டரோடு சாயங்காலம் நாலு மணிக்கே போய்விட்டேன். பிரிட்ஜுக்கும் மைக்குக்கும் நடுவே 6 வோல்ட். இருட்டியதும் கோயில் லைனில் சீரியல் செட் எல்லாம் போட்டார்கள். திரும்ப வைத்துப் பார்த்தால் 14. சவுண்டு சர்வீஸ் அண்ணனிடம் காட்டினேன். முதலில் “என்ன தம்பி, படிச்சவன்கிற மாதிரி மீட்டரைத் தூக்கிக்கிட்டு அலையுத?” என்றார். இவர்தான் போன வருஷம் மைக்கில் சுருக்கென்று அடித்து, கையை உதறிக்கொண்டு ‘குளிர்ச்சி’ என்று சொன்னவர். 14ஐப் பார்த்ததும் பேசாமல் போய் உள்ளூர் எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார்.

கோயில் பெட்டியைத் திறந்தால், சாக்கெட்டுக்குள்ளே எர்த் ஒயரே வரவில்லை. யாரோ நியூட்ரலிலிருந்து எர்த் துளைக்கு ஒரு சின்ன ஒயர்த் துண்டைப் போட்டு முடித்திருக்கிறார்கள்.

சால்டர் வாசம்:
ஐயோ. நியூட்ரலில் லோடு ஏறினா அதிலும் சில வோல்ட் ஏறும். சீரியல் செட் போட்டதும் 14 ஆனதுக்கு அதுதான் காரணம். அந்த நியூட்ரல் எங்கேயாவது அறுந்திருந்தா மிக்சர், மைக், எல்லாத்திலும் முழு 230 வந்திருக்கும். நீங்க டோன் சரி பண்ணப் போய் யாரோ ஒருத்தர் உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க.

ஆறுகம்பி:
எலக்ட்ரீஷியனும் இதேதான் சொன்னார். அந்தத் துண்டை எடுத்துவிட்டு, மறுநாள் முறையாக எர்த் இழுப்பதாகக் கமிட்டியிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அந்தப் பெட்டியையே தொடவில்லை. மேடை ஜெனரேட்டர் போர்டிலிருந்து மூன்று கம்பி ஒயர் ஒன்றை மல்டிகோர் கூடவே இழுத்து மிக்சருக்குக் கொடுத்தார்கள். விளக்கு எல்லாம் கோயில் லைன், சத்தம் எல்லாம் ஜெனரேட்டர். திரும்ப அளந்தேன்: 0.3 வோல்ட். முனகல் இல்லை. அறிவிப்பாளர் “அடுத்ததாக…” என்று சொல்லி நிறுத்தியபோது பந்தலே அமைதியாக இருந்தது, எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஆம்பை அளப்பதற்கு மட்டும் சொருகிவிட்டு, வாசிக்கும்போது ஓரமாக வைத்துவிட்டேன். முதல் சம்பளத்தில் வாங்கியது, கஷ்டமாகத்தான் இருந்தது. பெடல், டி.ஐ. பாக்ஸ், மிக்சர், அவ்வளவுதான். மானிட்டரில் முதல்முறையாக என் கிட்டார் எனக்கே கேட்டது. நடுவை ஏற்றின டோன் தனியாகக் கேட்க நிஜமாகவே அசிங்கம். பாட்டுக்குள் போனதும் சரியாக உட்கார்ந்துகொண்டது.

அந்த ‘ஸ்ர்ர்’ மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

மேடைக்காது:
அது சிங்கிள் காயில் குணம். சீரியல் செட் டிரான்ஸ்ஃபார்மர், விளக்கு டிம்மர் எல்லாத்தையும் அது ஆன்டெனா மாதிரி பிடிக்கும். நின்ன இடத்திலேயே மெதுவா ஒரு சுத்து சுத்திப் பாருங்க, ஏதோ ஒரு கோணத்தில் பாதியாக் குறையும். அந்த இடத்தில் தரையில் ஒரு டேப் ஒட்டிக்கோங்க. செலக்டர் ஸ்விட்சை ரெண்டிலோ நாலிலோ வச்சும் பாருங்க, அங்கே ரெண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும். நடுப் பிக்கப் எதிர்ச்சுத்தா இருந்தா அந்த ரெண்டு இடத்திலும் கரகரப்பு ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். ஹம்பக்கரோட தந்திரமே அதுதான். 1955இல் கிப்சனில் சேத் லவர் கண்டுபிடிச்சது.

ஆறுகம்பி:
நன்றி அண்ணே. சேர்த்து வைத்த காசில் ஒரு டி.ஐ. பாக்ஸும் மல்டிமீட்டரும் போக மீதி இருக்கிறது. மெலடிக்கு ஒரு செமி அகூஸ்டிக் எடுத்துப் போகிறேன், மானிட்டரைக் கூட்டினால் ‘ஊ’ என்று ஊளையிடுகிறது. அதற்கும் ஏதாவது வாங்க வேண்டுமா?

பழைய வால்வு:
சவுண்டு ஹோலை அடைக்கிற ரப்பர் மூடி ஒண்ணு, அவ்வளவுதான். ஊளையிடுற சுருதி பெரும்பாலும் 100லிருந்து 250 ஹெர்ட்ஸுக்குள்ளே இருக்கும், மிக்சரில் அதை மட்டும் தேடிக் குறைக்கச் சொல்லுங்க. ப்ரீஆம்பில் ஃபேஸ் பட்டன் (ஒலி அலையைத் தலைகீழாக்குறது) இருந்தா ஒருதரம் அழுத்திப் பாருங்க. அந்தக் கிட்டாரில் 9 வோல்ட் பேட்டரி இருக்கும், கச்சேரி முடிஞ்சதும் ஜாக்கைக் கழட்டிடுங்க. சொருகியே வச்சா காலையில் செத்துக் கிடக்கும்.

ரீவெர்ப் ராசா:
ஒண்ணு சொல்லணும். அந்த 14 வோல்ட் கதையைப் படிச்சுட்டு ராத்திரி போய் என் ஆம்ப் சேசிஸில் டெஸ்டர் வச்சேன். எரிஞ்சது. இன்னைக்குக் காலையில் கடையில் புது மூணு பின் பிளக் வாங்கி மாட்டியாச்சு, இப்போ டெஸ்டர் எரியலை. ஆனா நேத்து வரைக்கும் இல்லாத முனகல் திரும்ப வந்துடுச்சு. என்ன செய்ய?

மேடைக்காது:
மிக்சருக்குக் கரண்ட் எங்கேயிருந்து வருது தம்பி?