ஒரே மாதத்தில் இரண்டு முறை ஸ்னூக்கர் ஸ்டிக்கின் டிப் கழன்றுவிட்டது. நானே ஒட்ட முடியுமா?

சிவப்புப்பந்து_திருப்பூர்

வணக்கம். பனியன் கம்பெனியில் வேலை, ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் ஸ்னூக்கர். இவ்வளவு நாளும் பார்லர் ஸ்டிக்கிலேயே ஆடிக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்துக்கு முன் தெரிந்தவர் ஒருவரிடம் சொந்தமாக ஒரு ஸ்டிக், அதாவது பழைய கியூ ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஆஷ் மரம், நுனியில் பித்தளை வளையம் (ஃபெரூல்), அதன்மேல் ஒட்டும் தோல் டிப் 9.5 மி.மீ.

வாங்கும்போதே டிப் தேய்ந்து, பித்தளைக்கு மேல் ஒரு நூல் அளவுதான் நின்றது. பார்லரில் வேலை பார்க்கும் பையனிடம் கொடுத்தேன். பிளேடால் பழையதைச் சீவி எறிந்தார். சட்டென்று பிடிக்கிற தண்ணீர்ப் பசை இரண்டு சொட்டு விட்டு, புது டிப்பை வைத்து அழுத்தி, “அஞ்சு நிமிஷத்துல ஆடலாண்ணே” என்றார். ஆடினேன். பத்தாம் நாள் கறுப்பை மூலைக்கு அடிக்கும்போது டிப் தனியாகப் பறந்து பக்கத்து மேசைக்குப் போய்விட்டது. கறுப்பு குழிக்குப் போகவில்லை. மறுபடி ஒட்டிக் கொடுத்தார். இந்த முறை பதினெட்டு நாள்.

நடுவில் மிஸ்கியூ வேறு. வெள்ளைப் பந்தைப் பின்னால் இழுக்க ஸ்க்ரூ போடலாம் என்று அதன் கீழே அடித்தால் நாலில் ஒன்று ‘டக்’கென்று வழுக்குகிறது. டிப் வழுக்காமல் இருக்கத் தடவும் சாக் போடாமல் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் போடுகிறேன்.

இனி யார் கையிலும் கொடுக்க மனமில்லை. நல்ல பசை எது, எந்த டிப் வாங்குவது, கடைசல் மெஷின் இல்லாமல் வீட்டிலேயே செய்ய முடியுமா? கழன்ற டிப் இரண்டையும் எதற்கோ பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சாக்டப்பா

ஜெல் வகை சூப்பர் குளூ வாங்குங்கள். தண்ணீர் மாதிரி இருப்பதைத் தோல் உறிஞ்சிவிடும், ஒட்டுகிற இடத்தில் பசை மிஞ்சாது. ஒட்டிய பிறகு ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். அவ்வளவுதான் விஷயம்.

பழைய_மார்க்கர்

தம்பி, ஜெல் நல்லதுதான். ஆனால் உங்கள் தொந்தரவு பசையில் இல்லை என்று நினைக்கிறேன். கழன்ற டிப்பை வைத்திருக்கிறீர்களே, அதை முதலில் கவிழ்த்துப் பாருங்கள். ஓரத்தில் வட்டமாகத் தோல் பிய்ந்த தடம் இருந்து, நடுவில் பசை கண்ணாடி மாதிரி பளபளவென்று காய்ந்து கிடந்தால், டிப் ஓரத்தில் மட்டும்தான் பிடித்திருந்தது என்று அர்த்தம்.

நீலகிரியில் ஒரு கிளப்பில் 31 வருஷம் மார்க்கராக இருந்தேன். ஸ்கோர் பலகையில் முள்ளை நகர்த்துவதால் மார்க்கர் என்று பெயர், ஆனால் அது கால்வாசி வேலைதான். மேசைத் துணியை பிரஷ் போடுவது, இஸ்திரி போடுவது, டிப் ஒட்டுவது எல்லாம் மீதி முக்கால். எனக்கு முன்னால் அங்கே இருந்த பெரியவர் பசையைச் சின்ன வட்ட வில்லையாக வைத்திருப்பார். தீக்குச்சியில் வில்லையைக் காட்டி, இளகியதும் டிப்பை வைத்து, கியூவைத் தலைகீழாகத் தரையில் ஊன்றி நிற்பார். அந்த வில்லையில் ஒட்டியதே டிப் தேயும்வரை விழாமல் இருந்திருக்கிறது.

ஸ்னூக்கர் கியூவின் நுனியை டிப் இல்லாமல் பார்த்திருக்கிறீர்களா? வெளியே பித்தளை வளையம், உள்ளே மரத்தின் வெட்டுமுகம். டிப் இரண்டின் மேலும் உட்கார வேண்டும். பிளேடால் பரபரவென்று சுரண்டினால் பித்தளை அசையாது, மரம்தான் சீவிக்கொண்டு போகும். நாலு முறை டிப் மாற்றினால் நடுவில் கிண்ணம் மாதிரி பள்ளம் விழுந்துவிடும். அதன்மேல் டிப் ஒட்டுவது டம்ளருக்கு மூடி போட்ட மாதிரி. ஒவ்வொரு அடியிலும் தோல் நடுவில் உள்ளே அமுங்கும், ஓரம் மேலே எழும்பும். பத்து நாள் தாங்கியதே பெரிய விஷயம்.

பழைய பசையைப் பிளேடை நிமிர்த்திப் பிடித்து, பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். வெட்டக் கூடாது. பிறகு ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை நுனியின் குறுக்கே வைத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பள்ளம். அதைச் சரி செய்யப் பித்தளையை ராவிக் குறைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஃபெரூல் இருப்பதே ஏறத்தாழ அரை அங்குலம், ராவினால் திரும்ப வளராது. உங்கள் பையன் வைத்திருக்கும் தண்ணீர்ப் பசை இந்த இடத்துக்குத்தான் உதவும். மரத்தின்மேல் ஒரு சொட்டு விடுங்கள், நரம்புக்குள் இறங்கிக் கல்லாக இறுகும். காய்ந்ததும் இன்னொரு சொட்டு. பித்தளைக்குச் சமமாக வந்த பிறகு, கண்ணாடித் துண்டிலோ டைல்ஸ் துண்டிலோ உப்புத்தாளை ஒட்டி, கியூவைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு மூன்று சுற்று மட்டும் தேய்த்து மட்டமாக்குங்கள். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடிக்காமல் இருக்கவும் இது நல்லது.

டிப்பின் அடிப்பக்கமும் கடையிலிருந்து வரும்போது மட்டமாக இருக்காது. சிலது லேசாகக் குழிந்திருக்கும், சிலதில் அச்சின் பளபளப்பு இருக்கும். அதே டைல்ஸில் தேயுங்கள். முழு வட்டமும் ஒரே மாதிரி சொரசொரப்பான பிறகு அந்தப் பக்கத்தை விரலால் தொடாதீர்கள். கை எண்ணெய் போதும், பசை பிடிக்காமல் போக.

ஜெல் ஓர் அரிசி அளவு. தீக்குச்சியால் பரப்பி, டிப்பை வைத்து ஒரு கால் சுற்றுச் சுற்றி நடுவில் நிறுத்துங்கள். பிறகு கியூவைக் கவிழ்த்து, தட்டையான பலகைமேல் நேராக ஊன்றி இரண்டு நிமிஷம் அழுத்துங்கள். அசைந்தால் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ராத்திரி முழுக்க விடுங்கள். ‘அஞ்சு நிமிஷம்’ என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கடைசல் மெஷின் தேவையில்லை. 10 மி.மீ. டிப்பாக வாங்கி ஒட்டினால் சுற்றிலும் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். மறுநாள் கியூவைக் கவிழ்த்து, டிப்பைப் பலகையில் ஊன்றி, புது பிளேடால் பித்தளையிலிருந்து பலகையை நோக்கி மெல்லிசாகச் சீவுங்கள். ஒரே வெட்டில் எடுக்க ஆசைப்பட வேண்டாம். மிச்சத்தை 400 நம்பர் உப்புத்தாளால் தேய்க்கலாம். அதற்கு முன் பித்தளைமேல் ஒரு சுற்று டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கீறல் விழும். கடைசியாகப் பக்கவாட்டை லேசாக நனைத்து, மடித்த காக்கித்தாளால் சூடு ஏறும்வரை தேய்த்தால் தோல் இறுகிப் பளபளக்கும். நனைக்க நாங்கள் எச்சில்தான் பயன்படுத்தினோம். வெள்ளைக் கையுறை போட்ட கனவான்களின் கியூவுக்கும் அதேதான். அவர்களுக்குத் தெரியாது.

மேல் வளைவுக்கு ஒரு ரூபாய் நாணயத்தை அளவாக வைத்துக்கொள்ளலாம். நாணயத்தின் விளிம்பை டிப்பின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் இரண்டு வளைவும் ஒத்துப்போக வேண்டும். தட்டையாக இருந்தால் கீழே அடிக்கும்போது டிப்பின் ஓரம்தான் பந்தில் படும். உங்கள் மிஸ்கியூவில் பாதிக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

மீதிப் பாதி, நீங்கள் ரொம்பக் கீழே போகிறீர்கள். ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ. நடுப்புள்ளியிலிருந்து ஏறத்தாழ 13 மி.மீ. தாண்டினால் எந்த டிப்பும் எந்தச் சாக்கும் பிடிக்காது. ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஸ்க்ரூ வருவது கை நேராகப் போவதால்தான், ஆழத்தால் இல்லை.

தோல் டிப் வருவதற்கு முன் வெறும் மரக்குச்சியால்தான் ஆடினார்கள். மிங்கோ என்ற பிரெஞ்சு ராணுவக்காரர் சிறையில் இருந்தபோது தோல் ஒட்டிப் பார்த்தார் என்று சொல்வார்கள், 200 வருஷத்துக்கு முந்தைய கதை. அந்தத் தோல் இல்லாவிட்டால் பந்தைப் பின்னால் இழுக்கவே முடியாது. ஜபல்பூரில் ராணுவ மெஸ்ஸில் பிறந்து ஊட்டி கிளப்பில் விதி எழுதப்பட்ட ஸ்னூக்கர் என்ற ஆட்டமே வந்திருக்காது. கதை போதும்.

எந்த டிப் என்று கேட்டீர்கள். எல்க் மாஸ்டர் வாங்குங்கள். நீல நிறத்தில் இருக்கும், தேய்த்தால் கையெல்லாம் நீலமாகும், பயப்பட வேண்டாம். மெத்தென்ற தோல், ஆரம்பிப்பவர் கைக்குப் பந்து தெரியும். தோல் என்பதால் ஒரே பெட்டியில் ஒன்று இளசாகவும் ஒன்று கெட்டியாகவும் இருக்கும். ஒவ்வொன்றாகத் தரை டைல்ஸில் போட்டுச் சத்தம் கேளுங்கள். ‘டிக்’ என்று மேல் சுருதியில் குதிப்பது கெட்டி, ‘தொப்’ என்று விழுவது இளசு. இரண்டுக்கும் நடுவில் உள்ளதை எடுங்கள். நான் ஒரு பெட்டியில் பத்துப் பன்னிரண்டைத்தான் நல்ல ஆட்டக்காரர்களுக்கு ஒதுக்குவேன், மீதியெல்லாம் சுவரில் மாட்டியிருக்கும் பொது ஸ்டிக்குக்கு.

யீஷூன்_பிரேக்

சிங்கப்பூரிலிருந்து. நான் ஆடுவது பூல், மேப்பிள் கியூ, 12.75 மி.மீ. டிப். மார்க்கர் ஐயா சொன்ன முறை ஸ்னூக்கர் கியூவுக்குச் சரி. பூல் கியூ வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஃபெரூலை பிளேடால் சுரண்டிவிடாதீர்கள். எங்களுடையது பித்தளை இல்லை, பிளாஸ்டிக் மாதிரிதான், பிளேடு பட்டால் கோடு விழும்.

டிப் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. நான் மெல்லிய பன்றித்தோலை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யும் ஜப்பான் டிப் போடுகிறேன், காமுயி. விலை அதிகம்தான், ஆனால் காளான் மாதிரி விரிவது குறைவு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் வராது. டைல்ஸில் போட்டுச் சத்தம் கேட்க வேண்டியதில்லை.

பழைய_மார்க்கர்

அடுக்கு டிப் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் முறை வீட்டில் ஒட்டுகிறவர் ரெண்டு மூன்றைக் கெடுப்பார். கெடுக்கிறதை மலிவாகக் கெடுக்கட்டும் என்றுதான் சொன்னேன். அப்புறம் அடுக்கு டிப்பைச் சீவும்போது பிளேடு மழுங்கியிருந்தால் அடுக்கு பிரிந்துவிடும். கை பழகட்டும்.

சிவப்புப்பந்து_திருப்பூர்

ஐயா, இரண்டு டிப்பையும் கவிழ்த்துப் பார்த்தேன். நேரில் பார்த்தது போலவே சொல்லியிருக்கிறீர்கள். சுற்றிலும் தோல் பிய்ந்த வளையம், நடுவில் பளபளப்பு. ஸ்கேல் வைத்தால் நடுவில் நன்றாகவே வெளிச்சம் தெரிகிறது.

பாவம் பார்லர் பையன், அவர் கைக்கு வருவதற்கு முன்பே பள்ளம் விழுந்திருக்க வேண்டும். கியூவை விற்றவர் எத்தனை டிப் மாற்றினாரோ. ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறேன்.

சிவப்புப்பந்து_திருப்பூர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பள்ளம் நிரம்ப மூன்று சொட்டுத் தேவைப்பட்டது. முதல் டிப்பை நன்றாக ஒட்டிவிட்டு, சீவும்போது அவசரப்பட்டு ஒரு பக்கம் உள்ளே வெட்டிவிட்டேன், பிறைநிலா மாதிரி ஆகிவிட்டது. அதைப் பிய்க்கத்தான் பாடுபட்டேன். சும்மா வரவில்லை. பிளேடால் அடுக்கு அடுக்காகச் சீவித்தான் எடுக்க முடிந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, இனி இது பறக்காது என்று.

இரண்டாவது டிப் இன்றுவரை நிற்கிறது. முதல் நாலு நாளில் கொஞ்சம் அமுங்கி ஓரம் வெளியே விரிந்தது, மறுபடி தேய்த்துச் சமம் செய்தேன். அதற்குப் பிறகு விரியவில்லை. மிஸ்கியூ முழுசாக நின்றது என்று சொல்ல மாட்டேன், ஒரு ராத்திரிக்கு ஒன்றோ இரண்டோ வருகிறது. எல்லாமே கீழே அடிக்கும்போதுதான்.

இரண்டு சந்தேகம். மேல்பக்கம் வழவழப்பாகிவிட்டது, சாக் பிடிக்கவில்லை. தினமும் உப்புத்தாளால் தேய்க்கலாமா? மீதி டிப்பை எங்கே வைப்பது? இப்போது பைக் டிக்கியில் கிடக்கிறது.

பழைய_மார்க்கர்

தினமும் தேய்த்தால் டிப் மாசக் கடைசிக்குள் காலி. சொரசொரப்பான அரத்தின் முகத்தை டிப்மேல் வைத்து நாலு தட்டுத் தட்டுங்கள், இழுக்காதீர்கள். தோல் குத்துப்பட்டு மேலெழும், சாக் பிடிக்கும். வாரம் ஒரு முறை போதும். சாக்கையும் டிப்மேல் வைத்துத் திருகாதீர்கள், நடுவில் குழி விழுந்த சாக் ஓரத்தைத்தான் தேய்க்கும், தலையில் ஒட்டாது. பவுடர் பூசுகிற மாதிரி லேசாகத் தடவுங்கள். பக்கவாட்டில் தோல் ஒன்றரை மி.மீ.க்குக் கீழே போனதும் மாற்றிவிடுங்கள், பித்தளை பந்தில் படும்வரை காத்திருக்க வேண்டாம்.

டிக்கியிலிருந்து டிப்பை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். திருப்பூர் வெயிலில் அது அப்பளமாகிவிடும். மூடி போட்ட டப்பாவில், வீட்டுக்குள் நிழலான அலமாரியில் வையுங்கள். கியூவையும் வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். பசை இளகும், ஆஷ் மரம் வளையும். வளைந்த கியூவுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை.