கிளிப்சி 2.34க்கு மாறியதும் உலாவியில் எந்தத் தாவலும் நிற்கவில்லை

இழைதேடி:
வணக்கம். நேற்று என் லினக்ஸ் கணினியை முழுமையாக மேம்படுத்தினேன். பெரும்பாலான நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகமான கிளிப்சி (glibc) 2.33 போய் 2.34 வந்தது. அப்போதிலிருந்து உலாவியில் சாளரம் திறக்கிறது, மெனு வேலை செய்கிறது. ஆனால் எந்தத் தாவலும் திறந்தவுடன் செயலிழக்கிறது. வெற்றுப் பக்கம்கூடத் தப்பவில்லை. குரோமியம் மூலநிரலில் கட்டிய பழைய உலாவி அது. பணிக்கு வேண்டிய நீட்சி ஒன்று அதில்தான் ஓடும் என்பதால் புதுப்பிக்காமல் வைத்திருந்தேன்.

ஒரு நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளைக் கையாளும் நூலகத்தில்தான் கோளாறு என்று எண்ணி, காப்புப் பிரதியிலிருந்த அதன் பழைய லிப்பித்ரெட் (libpthread) கோப்பைக் கொடுத்துப் பார்த்தேன். உலாவி தொடங்கவே மறுத்துவிட்டது. பக்கங்களைத் தனியே அடைத்து ஓட்டும் பாதுகாப்பான சாண்ட்பாக்ஸை அணைத்தால் மட்டும் எல்லாம் ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

வெண்பலகை:
புதிய பயனர் சுயவிவரத்தில் திறந்து பாருங்கள். எனக்கு ஒருமுறை அதில் சரியானது.

இழைதேடி:
பார்த்தேன் ஐயா, மாற்றமில்லை. டெர்மினலிலிருந்து தொடங்கியபோது செக்காம்ப் தோல்வி என்றும், கூடவே 435 என்றும் ஒரு வரி வந்தது.

கருநிரல்:
அந்த 435தான் விடை. செக்காம்ப் (seccomp) என்பது நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளை வடிகட்டும் லினக்ஸ் வசதி. உலாவியின் சாண்ட்பாக்ஸ் அதைப் பயன்படுத்துகிறது. 435 என்பது புதிய இழையையோ செயல்முறையையோ உருவாக்கும் குளோன்3 (clone3) என்ற கெர்னல் அழைப்பின் எண். 2019இல் லினக்ஸ் 5.3உடன் வந்தது. புதிய இழையை உருவாக்க கிளிப்சி முன்பு பழைய குளோனை அழைத்தது. 2021 ஆகஸ்டில் வெளியான 2.34 முதலில் குளோன்3ஐ அழைத்துப் பார்க்கிறது. "அப்படி ஓர் அழைப்பே இல்லை" என்ற பிழை, அதாவது ஈநோசிஸ் (ENOSYS), திரும்பினால்தான் பழைய வழிக்குப் போகும். உங்கள் உலாவியின் சாண்ட்பாக்ஸுக்குக் குளோன்3 தெரியாது. தெரியாத அழைப்பு வந்ததும் அந்தச் செயல்முறையையே கொன்றுவிடுகிறது. முதன்மைச் செயல்முறை சாண்ட்பாக்ஸுக்கு வெளியே இருப்பதால்தான் சாளரம் நிற்கிறது, தாவல்கள் சாகின்றன.

குளோன்3ஐ அனுமதித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். முடியாது. என்ன வேண்டும் என்று சொல்லும் அதன் கொடிகள் நினைவகத்தில் ஒரு கட்டமைப்புக்குள் இருக்கின்றன. அழைப்பில் வருவது அதன் முகவரியைக் காட்டும் சுட்டி மட்டுமே. செக்காம்ப் வடிகட்டியால் சுட்டிக்கு அப்பால் எட்டிப் பார்க்க இயலாது. கேட்பது இழையா, புதிய செயல்முறையா என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. அதனால் குரோமியத்தில் குளோன்3க்கு ஈநோசிஸ் திருப்பும்படி திருத்தினார்கள். அழகான தீர்வு என்றே சொல்வேன். கிளிப்சி தானாகப் பழைய வழிக்கு இறங்கிவிடுகிறது.

பழைய லிப்பித்ரெட்டை இனித் தொடாதீர்கள். 2.34இல் இழைச் செயல்பாடுகள் அனைத்தும் கிளிப்சியின் முதன்மைக் கோப்பான லிப்சிக்குள்ளேயே சேர்ந்துவிட்டன. இப்போது அந்தப் பெயரில் இருப்பது பழைய நிரல்களுக்காக விட்டுவைத்த வெற்றுக்கூடு. பழைய கோப்பும் புதிய லிப்சியும் ஒன்றையொன்று ஏற்காது.

சாண்ட்பாக்ஸை அணைத்தபடி தயவுசெய்து இணையத்தில் உலாவ வேண்டாம். ஒரு பக்கத்தின் தீய நிரல் உங்கள் கோப்புகளைத் தொடாமல் காக்கும் சுவர் அது. உலாவியைப் புதுப்பியுங்கள். நீட்சிக்குப் பழையதுதான் வேண்டுமென்றால், கிளிப்சி 2.33 உள்ள மெய்நிகர் கணினியில் அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தறிநாடா:
எனக்கும் தாவல்கள் உடைகின்றன, ஆனால் என்னுடையது கிளிப்சிக்குப் பதிலாக மஸ்ல் (musl) என்ற சி நூலகம் உள்ள கணினி. இதே காரணமா?

கருநிரல்:
கெர்னல் அனுப்பும் எந்தச் சிக்னலில் (நிறுத்தும் அறிவிப்பில்) சாகிறது என்று முதலில் பாருங்கள். சிக்சிஸ், அதாவது 31, என்றால் சாண்ட்பாக்ஸ். சிக்செக்வி, அதாவது 11, என்றால் இழையின் அடுக்கு (stack), அதாவது அதன் தற்காலிக நினைவிடம், நிரம்பியிருக்கலாம். மஸ்ல் ஓர் இழைக்கு இயல்பாகத் தரும் அடுக்கு 128 கிலோபைட். கிளிப்சியில் வழக்கமாக 8 மெகாபைட். கிளிப்சியை மனத்தில் வைத்து எழுதிய நிரல் அங்கே மூச்சுத்திணறும். உங்கள் விநியோகமே மஸ்லுக்காகக் கட்டித் தரும் உலாவியைப் பயன்படுத்துங்கள். அதில் அடுக்கின் அளவைக் கூட்டியிருப்பார்கள்.

தறிநாடா:
11தான். வெளியிலிருந்து இறக்கிய தொகுப்பு அது. மாற்றிப் பார்க்கிறேன்.

இழைதேடி:
உலாவியைப் புதுப்பித்துவிட்டேன். சாண்ட்பாக்ஸுடன் நாற்பது தாவல்கள் திறந்தும் ஒன்றும் விழவில்லை. கெர்னல் அழைப்புகளைப் பட்டியலிடும் எஸ்ட்ரேஸில் (strace) பார்த்தால் குளோன்3க்கு ஈநோசிஸ், அடுத்த வரியிலேயே குளோன். நீங்கள் சொன்னது அப்படியே கண்முன் ஓடுகிறது. நீட்சி மட்டும் மெய்நிகர் கணினிக்குப் போய்விட்டது. மிக்க நன்றி ஐயா.