டர்பன்: ஐந்து மழைநீர் டாங்கி, யாருக்குக் கொடுப்பது?

செம்பருத்தி:
2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டொங்காட் ஊரின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடிபட்டு, ஊரே பல மாதம் லாரித் தண்ணீரில் ஓடியது. மறுபடி அப்படி வந்தால் என்று கோயில் கமிட்டி 2500 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் டாங்கி ஐந்து வாங்குகிறது. சீட்டுக் குலுக்கிக் கொடுக்கலாம் என்கிறார்கள். நியாயமா? மாட்டும்போது என்ன பார்க்கணும்?

கடற்காற்று:
குலுக்கலில் பேர் கொடுப்பவர் யார்? கூரையும், கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் கட்டரும் உள்ள சொந்த வீட்டுக்காரர்தான். ஆற்றோரத் தகரக் கொட்டகைக்காரருக்குச் சீட்டே கிடையாது, வெள்ளம் முதலில் தொடுவதோ அவரை. இரண்டு டாங்கியை அங்கே பொதுக்குழாய் அருகில் வையுங்கள். அவசரத்தில் ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் கணக்கு. 5000 லிட்டர் 80 பேருக்கு நாலு நாள் வரும். நிரப்ப வரும் லாரியின் குழாய் எட்டாத சந்தில் வைத்தால் வெறும் பிளாஸ்டிக்தான்.

குழாய்க்காரர்:
நிரம்பிய டாங்கி இரண்டரை டன். இங்குள்ள ‘பெரியா’ (Berea) செம்மணல் சரிவில் அப்படியே நிறுத்தாதீர்கள், சமமான கான்கிரீட் தளம் வேண்டும். அதைவிட முக்கியம், வழியும் தண்ணீர். மேல்வீட்டு டாங்கி வழிந்து கீழ்வீட்டுச் சுவரடியில் ஊறினால் மண் சரியும். இவருக்குத் தண்ணீர், அவருக்கு இடிபாடு! வழிகுழாயை மழைநீர் வடிகால்வரை கொண்டுபோங்கள்.

முதல் மழை அழுக்கு. கூரையில் சதுர மீட்டருக்கு அரை லிட்டர் தண்ணீராவது டாங்கிக்குள் போகாமல் வெளியே போகணும். 40 சதுர மீட்டருக்கு 20 லிட்டர். 110 மி.மீ. பைப் மீட்டருக்கு எட்டரை லிட்டர்தான் பிடிக்கும், ஆக அந்த அழுக்குத் தண்ணீரைப் பிடிக்க டாங்கிக்கு முன்னால் இரண்டரை மீட்டர் செங்குத்துப் பைப் வேண்டும். அதை வடிக்கும் அடிச் சொட்டுத் துளையை இலை அடைத்தால் பைப் காலியாகாது. அடுத்த மழையின் அழுக்கு நேரே டாங்கிக்குள். ஜூன், ஜூலையில் மழை குறைவு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

செம்பருத்தி:
பழைய கவுன்சில் வீடுகளில் அஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கிறதே அண்ணே?

குழாய்க்காரர்:
அந்தத் தண்ணீர் கழுவ, கழிப்பறைக்கு மட்டும். கூரையைத் தேய்த்துக் கழுவவே வேண்டாம், நார் பறக்கும்.

கடற்காற்று:
அந்த ஏப்ரல் மாதிரி மழைக்கான வாய்ப்பைப் புவி சூடேற்றம் ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது என்று 2022லேயே விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். 2021 கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் தென்னாப்பிரிக்காவுக்கு 850 கோடி டாலர் என்றன. மானியம் அதில் 4 சதவீதம்போல, மீதி பெரும்பாலும் கடன். அதுவும் நிலக்கரியிலிருந்து மாறத்தான், உங்கள் சரிவுக்கு இல்லை. உண்டியல் பணத்தோடு நிற்காதீர்கள். எதெக்வினி (டர்பன் மாநகராட்சி) வரைவு பட்ஜெட் மார்ச் முடிவுக்குள் வரும், மே முடிவுக்குள் நிறைவேறணும். ஏப்ரலில் எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தெரு, எத்தனை குடும்பம், வடிகால் எத்தனை மீட்டர்.