சூப்பர் ஹீரோ கதையாட்டத்திற்கு எந்த விதிநூலை வாங்கலாம்?

பெரம்பூர் வாசகர்:
நண்பர்களுக்கு வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தையும் பேசின் பிரிட்ஜ் தண்டவாளங்களையும் களமாக வைத்து, மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் சூப்பர் ஹீரோ கதையாட்டம் ஆட விரும்புகிறோம். ‘மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்’ வாங்குவதா, ‘மாஸ்க்ஸ்’ வாங்குவதா? துணைநூல்களும் உடனே வேண்டுமா?

தண்டையார்பேட்டை அண்ணன்:
தம்பி, முதல் நூலின் 2011ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில், ஆற்றல் நிலை (நாயகனின் வலிமைக்கான வரம்பு) 10இல் தொடங்கும் நாயகனுக்கு 150 புள்ளிகள் கிடைக்கும். அவற்றைத் திறன்களுக்கும் சக்திகளுக்கும் பங்கிட்டுச் செலவிட வேண்டியிருப்பதால், கணக்கில் பிரியமுள்ளவர்களுக்கு அது பெருவிருந்து, மற்றவர்களுக்குப் பெருஞ்சுமை. ‘மாஸ்க்ஸ்’ பதின்பருவ நாயகர்களைப் பற்றியது. இரண்டு ஆறுமுகப் பகடைகள் போதும். அதில் அடிபட்டவர் உயிர்ப்புள்ளிகளை இழப்பதில்லை; கோபம், பயம், குற்ற உணர்வு போன்ற நிலைகளுக்கு ஆளாகிறார். கவிழ்ந்த விசைப்படகைத் தூக்கி நிறுத்திய பெண்ணிடம், “உனக்கெதற்கு இந்த வேண்டாத வேலை?” என்று அவள் அம்மா கேட்கும் ஒரு கேள்வியே அவள் தன்னை எப்படிப் பார்க்கிறாள் என்பதைக் குறிக்கும் எண்களை மாற்றிவிடக்கூடும். நம் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான விதி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ராயபுரம் வாசகி:
அண்ணன் சொல்வது சரி. ஆயினும் ‘மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்’ ஆட்டத்தின் அடிப்படை விதிகள் திறந்த உரிமத்தின்கீழ் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால், வாங்குவதற்கு முன் ஒரு நாயகனை உருவாக்கிப் பாருங்கள். ‘எமரால்ட் சிட்டி’ போன்ற நகர நூல்கள் இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்கு நகரம் ஏற்கெனவே இருக்கிறது. சக்திகளை வகைவாரியாக விரிக்கும் ‘பவர் ப்ரொஃபைல்ஸ்’ மட்டும் பின்னால் உதவும்.