நூறு ரூபாய் ஹெல்மெட் ஃபைன் ஏழு வருஷத்தில் 1,100 ஆகுமா? ஆர்.சி. புதுப்பிக்க முடியாமல் நிற்கிறேன்

காட்பாடிக்காரன்

வணக்கம். என் வண்டி ஸ்ப்ளெண்டர், டிஎன் 23 பதிவு, 2011 ஜூலையில் எடுத்தது. இந்த ஜூலையோடு பதினைந்து வருஷம் முடிகிறது. இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஆர்.சி.யை நீட்டிக்கலாம் என்று ஆர்டிஓ ஆபீஸ் பக்கம் போனேன். வாசலில் ஒரு புரோக்கர் வண்டி நம்பரைத் தன் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், ஃபைன் பாக்கி 1,100 நிக்குது. அது க்ளியர் ஆகாம எதுவும் நகராது" என்றார்.

எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஃபைன்தான். 2019 ஜூன். அப்போது ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை, திருவலம் வழியாகத் தினமும் போய்வருவேன். அன்றைக்கு ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு ஓட்டினேன். (நம்ம ஊர் ஜூன் வெயில் தெரிந்தவர்கள் ரொம்பத் திட்டமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.) முத்துக்கடையில் நிறுத்தினார்கள். கையில் காசும் இல்லை, கார்டும் இல்லை. மெஷினில் ஒரு சீட்டு அடித்துக் கொடுத்து, அப்புறமாக ஆன்லைனில் கட்டிவிடு என்றார்கள். நூறு ரூபாய். சீட்டை ஆர்.சி. கவருக்குள் சொருகியதோடு சரி.

நேற்று அதை வெளியே எடுத்தால் வெறும் வெள்ளைத்தாள். ஒரு எழுத்து இல்லை. டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால் வண்டி நம்பரின் கடைசி இரண்டு எண்ணும், கீழே ஓரத்தில் 100 என்பதும் பழுப்பாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

இந்த நூறு எப்படி 1,100 ஆச்சு, வட்டியா? புரோக்கர் எல்லாம் சேர்த்து நாலாயிரம் கேட்கிறார், "கோர்ட்டு கீர்ட்டு எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். வீட்டில் மனைவி சொல்வது வேறு: ஏழு வருஷம் ஆன ஃபைன் தானாகவே காலாவதி ஆகியிருக்கும், பேசாமல் இரு என்கிறாள். இன்னொரு குழப்பம், அப்போது முத்துக்கடை வேலூர் மாவட்டம், இப்போது ராணிப்பேட்டை தனி மாவட்டம். கட்டுவதென்றால் எங்கே போய்க் கட்டுவது?

பாலாற்று மணல்

நம்ம வேலூரைக் கேலியாகச் சொல்லும் 'தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை' வரிசையில் உங்கள் எழுத்து இல்லாத சலானையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அவசரப்பட்டுக் கட்டாதீர்கள், தள்ளுபடி வரும். ஹைதராபாத்தில் 2022 மார்ச்சில் டூவீலருக்கு 75 சதவீதம் தள்ளினார்கள். பெங்களூரில் 2023 பிப்ரவரியில் பாதிக்குப் பாதி. என் மச்சான் அங்கே ஒன்பது சலானை ஒரே நாளில் முடித்தான்.

ஆற்காடு மக்கன்பேடா

மணல் அண்ணா, அது தெலங்கானா, கர்நாடகா அரசுகள் அறிவித்த சலுகை. அதை நம்பி இங்கே உட்கார்ந்திருந்தால் ஜூலை வந்துவிடும், இவருடைய ஆர்.சி. முடிந்துவிடும்.

காட்பாடிக்காரரே, போக்குவரத்து அபராதத்துக்கு வட்டி கிடையாது. நூறு நூறாகத்தான் இருக்கும். 1,100 என்று மொத்தமாகக் காட்டினால் உள்ளே இரண்டு சலான் இருக்கிறது என்று அர்த்தம். புரோக்கர் போனில் பார்த்ததை விடுங்கள், நீங்களே பாருங்கள். மத்திய அரசின் வாகனத் தளமான பரிவாகனின் இ-சலான் பகுதியில் வண்டி நம்பரோடு சேசிஸ் நம்பர் அல்லது இன்ஜின் நம்பரின் கடைசி ஐந்து எண்ணைக் கேட்கும். ஆர்.சி.யில் இருக்கிறது. ஒவ்வொரு சலானுக்கும் தேதி, இடம், பிரிவு, தொகை, இப்போதைய நிலை என்று தனித்தனியாக வரும். தொகையை விட அந்த 'நிலை'தான் முக்கியம். பாக்கி என்று இருந்தால் அங்கேயே கட்டலாம். கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டது என்று இருந்தால் கதை வேறு.

வாட்ஸ்அப்பில் "உங்கள் வண்டிக்கு அபராதம்" என்று ஒரு ஏபிகே ஃபைலோடு செய்தி வந்தால் தொடாதீர்கள். அதை இன்ஸ்டால் செய்து பேங்க் கணக்கைக் காலி செய்துகொண்டவர்கள் நிறைய பேர்.

காட்பாடிக்காரன்

மக்கன்பேடா சொன்னது சரி, இரண்டு இருக்கிறது.

ஒன்று முத்துக்கடை, 2019 ஜூன், ஹெல்மெட், 100. நிலை: கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டது. பணம் கட்டும் பட்டனே வரவில்லை.

இன்னொன்று 2023 நவம்பர், ஆம்பூர், ஹெல்மெட், 1,000. நிலை: பாக்கி. எனக்கு இது புரியவே இல்லை. 2023-ல் நான் பைக்கில் ஆம்பூர் போனதாக ஞாபகமே கிடையாது. பிரியாணிக்குப் போனால்கூட பஸ்ஸில்தான் போவோம். மெசேஜ் எதுவும் வரவில்லை. ஆனால் ஆர்.சி.யோடு பதிந்திருக்கும் போன் நம்பர் என்னுடையதே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. வண்டி எடுத்தபோது ஷோரூம்காரர்கள் என்ன நம்பரைப் போட்டார்களோ.

ஆயிரம்தானே, தொல்லை விட்டது என்று கட்டிவிடட்டுமா?

முள்ளுக்கத்திரி

கட்டாதீர்கள்! சலானுக்குள் போட்டோ இருக்கும், அதைத் திறந்து பாருங்கள் முதலில்.

காட்பாடிக்காரன்

பார்த்தேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

போட்டோவில் இருப்பது ஒரு சாம்பல் நிற ஸ்கூட்டர். பின்னால் ஒருவர் அரிசிச் சிப்பத்தைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார், ஓட்டுபவர் தலையில் ஒன்றும் இல்லை. நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கினால் டிஎன் 73. அந்த 7-இன் அடியில் சேறு அப்பி, தூரத்தில் பார்த்தால் 2 மாதிரிதான் இருக்கிறது. மற்ற எழுத்தும் எண்ணும் அப்படியே என் வண்டி நம்பர். ராணிப்பேட்டை வண்டிக்காரர் தப்பித்துவிட்டார், வேலூர் வண்டிக்காரன் மாட்டிக்கொண்டான்.

முள்ளுக்கத்திரி

இதே 23, 73 குழப்பம் என் சித்தப்பாவுக்கும் வந்தது. அதே தளத்தில் புகார் பதிய ஒரு பகுதி இருக்கிறது. சலான் நம்பர், ஆர்.சி. நகல், உங்கள் வண்டியின் முன்பக்க, பின்பக்கப் போட்டோ எல்லாம் சேர்த்துப் பதியுங்கள். "போட்டோவில் இருப்பது ஸ்கூட்டர், என்னுடையது மோட்டார் சைக்கிள்" என்று ஒரே வரியில் எழுதுங்கள். நீளமாகக் கதை எழுதினால் படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, பணம் கட்டிவிட்டால் அந்தக் குற்றம் உங்களுடையது என்று நீங்களே சொன்னதாக ஆகிவிடும். அப்புறம் திருப்பிக் கேட்க வாய் இருக்காது.

சத்துவாச்சாரி குமாஸ்தா

வக்கீல் ஆபீஸில் வேலை செய்கிறேன், இந்த மாதிரி ஆட்கள் அடிக்கடி வருவார்கள். நூறு ரூபாய் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

ரோட்டில் கட்டும் 'ஸ்பாட் ஃபைன்' என்பது உண்மையில் தண்டனை இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 200-வது பிரிவின்படி கோர்ட்டுக்குப் போகாமல் சமாதானமாக முடித்துக்கொள்ளும் தொகை. அதைக் கட்டாமல் விட்டால் போலீஸ் வழக்கை மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பிவிடும். அனுப்பிய பிறகு அந்த நூறைக் கோர்ட் வழியாகக் கட்டுவதுதான் வழக்கம். தளத்தில் பட்டன் வராததற்குக் காரணம் இதுதான். புரோக்கர் நாலாயிரம் வாங்கினாலும் அவரும் கடைசியில் கோர்ட்டுக்குத்தான் போயாக வேண்டும்.

தொகை பற்றி. தேதி விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஹெல்மெட்டுக்கு ஆயிரம் ரூபாய் என்ற 194டி பிரிவு 2019 செப்டம்பர் 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் போலீஸ் வசூலிக்கும் தொகை உயர்ந்தது அதற்கும் பின்னால், 2022 அக்டோபரில். உங்கள் குற்றம் 2019 ஜூனில் நடந்தது. அன்றைக்கு இருந்தது பழைய 177-வது பிரிவு, முதல் தடவைக்கு அதிகபட்சம் நூறு ரூபாய். குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டத்துக்கு மேல் தண்டனை கொடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் 20(1) சொல்கிறது. யாராவது "இப்போ ரேட் ஆயிரம்" என்றால் இதைச் சொல்லுங்கள்.

வீட்டம்மா சொன்ன காலாவதியும் முழுக்கப் பொய் இல்லை. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை ஆறு மாதத்துக்குள் கோர்ட் விசாரணைக்கு எடுக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 468-வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து வந்த புதுச் சட்டத்தில் 514. ஆனால் அந்த ஆறு மாதத்துக்குள் வழக்கைக் கோப்பில் ஏற்றிவிட்டால் அது ஏழு வருஷம் ஆனாலும் நிலுவையில்தான் இருக்கும். ஏற்றாமல் விட்டிருந்தாலும் அதைச் சொல்ல வேண்டியவர் மாஜிஸ்ட்ரேட். கம்ப்யூட்டர் தானாக அழிக்காது. நூறு ரூபாய்க்காக அந்த வாதத்தை எடுத்துக்கொண்டு நான்கு வாய்தா அலைவது உங்கள் இஷ்டம். எங்கள் சீனியரிடம் கேட்டால் கட்டிவிட்டு வேலையைப் பார் என்பார்.

எங்கே போவது? மாவட்டம் பிரிந்தது 2019 நவம்பரில். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சம்பவம் நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ, அந்த ஸ்டேஷனுக்குரிய மாஜிஸ்ட்ரேட் கோர்ட்தான் கணக்கு. அதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் உள்ள விர்ச்சுவல் கோர்ட்டில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். அங்கே இருந்தால் ஒப்புக்கொண்டு கட்டுகிறேன், எதிர்த்து வழக்காடுகிறேன் என்று இரண்டு வழி காட்டும், கட்டினால் முடிந்தது. இல்லையென்றால் ஸ்டேஷனில் ரைட்டரைப் பார்த்து எஸ்.டி.சி. நம்பர், அதாவது கோர்ட்டில் உங்கள் வழக்குக்குப் போட்ட எண், கேளுங்கள். அந்த நம்பர் கையில் இல்லாமல் கோர்ட்டுக்குப் போகாதீர்கள், பெஞ்சு தேயும்.

பாலாற்று மணல்

குமாஸ்தா சார், குடித்துவிட்டு ஓட்டிய கேஸுக்கும் இதே வழியா? நண்பனுக்காகக் கேட்கிறேன்.

சத்துவாச்சாரி குமாஸ்தா

நண்பருக்கு என் வணக்கம். அது 185-வது பிரிவு. சமாதானத் தொகையில் முடியாது, கோர்ட்தான், சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. வக்கீலோடு போகச் சொல்லுங்கள்.

காட்பாடிக்காரன் (மூன்று வாரம் கழித்து)

முடிந்தது. பின்னால் தேடி வருகிறவர்களுக்காக நடந்ததை எழுதி வைக்கிறேன்.

ஆம்பூர் சலான்: முள்ளுக்கத்திரி சொன்ன மாதிரியே ஒரு வரி, மூன்று போட்டோ. பன்னிரண்டாம் நாள் பார்த்தால் என் பட்டியலில் அது இல்லை. யாரும் கூப்பிடவில்லை, எதுவும் கேட்கவில்லை.

முத்துக்கடை சலான்: விர்ச்சுவல் கோர்ட்டில் என் நம்பருக்கு எதுவும் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். தேதியும் வண்டி நம்பரும் எழுதிய துண்டுச் சீட்டை ரைட்டரிடம் கொடுத்தேன். "ஏழு வருஷம் கழிச்சு நூறு ரூபா கட்ட வந்த முதல் ஆளு நீங்கதான் சார்" என்று சிரித்துவிட்டு அரைமணி நேரத்தில் நம்பரை எடுத்துக் கொடுத்தார். டீயும் வாங்கிக் கொடுத்தார்.

கோர்ட்டில் பெயர் கூப்பிடும்போது மணி பன்னிரண்டரை. மாஜிஸ்ட்ரேட் அம்மா தலை நிமிராமலே, "ஹெல்மெட் போடாம ஓட்டினீங்களா?" என்றார். "ஆமாங்க அம்மா." "இப்போ போடறீங்களா?" கையில் இருந்த ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினேன். நூறு ரூபாய். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பணத்தைக் கட்டி ரசீது வாங்கத்தான் ஒரு மணி நேரம். சில்லறையாகக் கொண்டுபோங்கள், ஐந்நூறை நீட்டியதும் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

ஆறாம் நாள் தளத்தில் நிலை மாறி, வழக்கு முடிந்தது என்று வந்தது. அதற்குப் பிறகுதான் படிவம் 25 போட முடிந்தது. டூவீலருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் ஆயிரம், அது போகப் பசுமை வரி. அடுத்த வாரம் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்கிறார், இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் தயார். ஆதார் வைத்துப் போன் நம்பரையும் மாற்றிவிட்டேன். அந்தப் புரோக்கர் நேற்றுகூடப் போன் செய்தார், இப்போது 2,500-க்கு இறங்கியிருக்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. கோர்ட் ரசீதை லேமினேட் செய்துவைக்கலாமா?

ஆற்காடு மக்கன்பேடா

வேண்டாம். ஜெராக்ஸ் இரண்டு எடுங்கள், போனிலும் ஒரு போட்டோ. மெஷினில் அடித்த சீட்டாக இருந்தால் லேமினேஷன் சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். முதல் சலான் வெள்ளையாகப் போச்சு, இது கறுப்பாகப் போகும்.