‘தஞ்சாவூர் வீடு, தில்லிக் கிளை’ குழு, ஜனவரி 24 இரவு

நான்: பெரியப்பா, ஓர் உதவி. நாளை மறுநாள் குடியிருப்பில் கொடியேற்றம். நிலா மூன்று நிமிடம் பேச வேண்டும். அரசியலமைப்புச் சட்டம் முழுவதையும் அம்பேத்கர் ஒருவரே எழுதினார் என்று எழுதி வைத்திருக்கிறாள். சரியா?

சரோஜா அத்தை: 26 காலை 11 மணிக்குக் கவிதாவின் வளைகாப்பு. நினைவிருக்கிறதா யாருக்காவது?

நான்: இருக்கிறது அத்தை. பேச்சு எட்டரைக்கே முடிந்துவிடும்.

பெரியப்பா: பாதி சரி. அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9 அன்று முதலில் கூடியது. அப்போது சுதந்திரமே வரவில்லை. 1947 ஆகஸ்ட் 29 அன்று அந்தச் சபை ஏழு பேர் கொண்ட வரைவுக் குழுவை அமைத்தது. தலைவர் அம்பேத்கர். சபையின் சட்ட ஆலோசகர் பி.என்.ராவ் தயாரித்துக் கொடுத்த வரைவை வைத்துக்கொண்டு அதை வரிவரியாகச் சலித்தார்கள். குழுவில் நம் மதராஸ்காரர்கள் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் கோபாலசாமி ஐயங்காரும் இருந்தார்கள்.

மணி சித்தப்பா: அல்லாடி நெல்லூர்.

பெரியப்பா: அன்றைக்கு நெல்லூரும் மதராஸ் மாகாணம்தான் மணி.

மணி சித்தப்பா: அன்றைக்கு.

ரம்யா அக்கா: புளியோதரைக்கு அண்டா யார் கொண்டுவருகிறார்கள்?

நான்: நிலா கேட்கிறாள். ஏழு பேர் என்றால் எல்லோரும் அம்பேத்கர் பெயரை மட்டும் ஏன் சொல்கிறார்கள்?

பெரியப்பா: என் பேத்தி! இதற்கு அந்தக் குழுவிலேயே இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பர் 5 அன்று சபையிலேயே பதில் சொல்லிவிட்டார். ஏழு பேரில் ஒருவர் விலகினார், அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். ஒருவர் இறந்துபோனார். ஒருவர் அமெரிக்காவில். ஒருவருக்கு அரசாங்க வேலையே சரியாக இருந்தது. ஒன்றிரண்டு பேர் தில்லிக்கு வெகு தூரத்தில், உடல்நிலையும் சரியில்லை. சுமை முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்றார். அம்பேத்கருக்கோ சர்க்கரை நோய். சட்ட அமைச்சர் வேலை வேறு.

சரோஜா அத்தை: இதை எழுதி ஃபிரேம் போட்டு மாட்டப்போகிறேன்.

நான்: ஏன் அத்தை?

சரோஜா அத்தை: வளைகாப்புக்கும் ஏழு பேர் குழு போடலாம் என்றது அண்ணாதான். எண்ணிப் பார். சுரேஷ் அமெரிக்காவில். மணிக்கு ஆபீஸ். அண்ணாவுக்கு மூட்டு வலி. ரம்யா மூன்றாம் நாளே விலகிவிட்டாள். நீ நிலாவின் பேச்சில் மூழ்கிவிட்டாய். கரோல் பாக்கில் இந்தக் குளிரில் நான்தான் அலைந்து ஆறு டஜன் கண்ணாடி வளையல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து காகிதத்தைப் பிரித்தால் பச்சையில் இரண்டு விரிசல்.

சுரேஷ்: அத்தை, பணம் அனுப்பினேனே.

சரோஜா அத்தை: பணம் அண்டாவைத் தூக்காது.

ரம்யா அக்கா: நான் விலகவில்லை. என் மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை.

மணி சித்தப்பா: இறந்துபோனவர் யார் அக்கா 😄

சரோஜா அத்தை: அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது மணி. அம்மாவின் பித்தளை அண்டா எங்கே? விளிம்பில் புள்ளி புள்ளியாக அம்மா பெயர் வெட்டியிருக்கும்.

மணி சித்தப்பா: என்னிடம்தான். பாகப்பிரிவினையில் எனக்கு வந்தது.

சரோஜா அத்தை: வந்ததா, எடுத்துக்கொண்டாயா?

பெரியப்பா: எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் சரோஜா. கையெழுத்து என்றதும் நினைவுக்கு வருகிறது, இன்று ஜனவரி 24. 1950-இல் இதே நாளில்தான் சபை உறுப்பினர்கள் 284 பேர் அரசியலமைப்பில் கையெழுத்திட்டார்கள். ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவராகத் தேர்வானதும், ‘ஜன கண மன’ தேசிய கீதமானதும் அன்றே. அவர்கள் கையெழுத்திட்ட பிரதியை பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா கையாலேயே எழுதினார்.

சரோஜா அத்தை: எல்லோரும் இல்லை. நானும் பெரிய அக்காவும் போடவில்லை. எங்களிடம் அந்தக் காகிதமே வரவில்லை.

பெரியப்பா: அந்தச் சபையிலும் பெண்கள் 15 பேர்தான். அவர்களில் அம்மு சுவாமிநாதன் மதராஸிலிருந்து போனவர். அரசியலமைப்பு என்றால் கைப்பைக்குள் அடங்கும் சிறிய புத்தகம் என்று நினைத்திருந்தேன், இவ்வளவு பருமனாக வந்துவிட்டதே என்றார். 395 பிரிவுகள், 8 அட்டவணைகள்.

சுரேஷ்: அப்பா, உங்கள் செய்திகளும் கைப்பைக்குள் அடங்காது.

சரோஜா அத்தை: நான் அண்டாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நான்: கடைசிக் கேள்வி. 1949 நவம்பர் 26 அன்றே சபை ஏற்றுக்கொண்டது என்றால் கொடியேற்ற ஜனவரி வரை ஏன் காத்திருந்தார்கள்?

பெரியப்பா: 1930-இல் ஜனவரி 26 அன்றுதான் முழு விடுதலை நாள் கொண்டாடினார்கள். அந்தத் தேதியை விட மனம் வரவில்லை. குடியுரிமை போன்ற சில பிரிவுகள் மட்டும் நவம்பரிலேயே நடப்புக்கு வந்துவிட்டன.

மணி சித்தப்பா: 26 காலை இந்தியா கேட் பக்கம் வண்டி விட மாட்டார்கள். அண்டாவை எப்படி ஆர்.கே.புரம் கொண்டுவருவது?

ரம்யா அக்கா: மயூர் விஹாரில் பிங்க் லைன் ஏறி பிகாஜி காமா பிளேஸில் இறங்குங்கள்.

மணி சித்தப்பா: பாதுகாப்புச் சோதனையில் அந்த எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் அண்டா நுழையுமா?

சுரேஷ்: நாளைக்கே கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

மணி சித்தப்பா: பார்க்கலாம்.

நான்: நிலா முதல் வரியை மாற்றிவிட்டாள். “குழுவில் ஏழு பேர், சுமை ஒருவர் தலையில், எங்கள் சரோஜா பாட்டியைப் போல.”

சரோஜா அத்தை: அதை மாற்ற வேண்டாம் என்று சொல். மணி, அண்டாவுக்கு மூடி?

மணி சித்தப்பா: மூடி அண்ணா வீட்டில்.

சரோஜா அத்தை: அண்ணா?

பெரியப்பா: நிலாவிடம் மொழிப் பிரச்சினையைச் சொல்ல மறந்துவிட்டேன். 1949 செப்டம்பர் 14...